146-ஐத் தாண்டாத 300: ஒரு கேபிள் மோடம் மாற்றிய கதை

அக்கா போனில் கேட்டது ஒரே கேள்விதான். "மாசாமாசம் 300 ஸ்பீடு பிளானுக்குப் பணம் கட்டுறோம்டா. ஒரு வீடியோ கால் உருப்படியா பேச முடியல. மோடம் பழசாயிடுச்சு, மாத்துங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை வாங்கணும்னு மட்டும் சொல்லு."

எதை வாங்குவது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் புது மோடத்தை மாட்டிய பிறகும் அந்த வீட்டில் வேகம் 94-க்கு மேல் போயிருக்காது. பழியும் என் தலையில்தான் விழுந்திருக்கும். ஏன் என்பது கீழே வரும். நல்லவேளையாக, "ரெண்டு நாள் பொறு, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

வீட்டு நிலவரம் இதுதான். கேபிள் டிவி வருகிற அதே கோஆக்ஸியல் கேபிள் வழியாக இணையம். அந்தக் கேபிளின் சிக்னலை இணையமாக்கும் மோடம் தனி, அதை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரௌட்டர் தனி. மோடத்துக்குப் பத்து வயது இருக்கும். அது வந்தபோது பிளான் 50 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 மெகாபிட். பிறகு 100 ஆனது, அப்புறம் 300. ஒவ்வொரு முறையும் மாறியது பில் மட்டும்தான், பெட்டி அதேதான். புகார்கள் மூன்று. இரவில் படம் நின்று நின்று ஓடுகிறது. அத்தான் வேலை விஷயமாகப் பெரிய கோப்பு ஏதாவது அனுப்ப ஆரம்பித்தால் வீட்டில் மற்ற எல்லோருடைய இணையமும் செத்துவிடுகிறது. பின்னறையில் பையனுக்கு எந்த நேரத்திலும் எதுவும் வருவதில்லை.

மூன்றும் ஒரே நோய் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது எனக்கும் கொஞ்சம் அந்த எண்ணம் இருந்தது.

முதலில் அளந்தது

வேகம் குறைவு என்றவுடன் எல்லோரும் கைபேசியில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்க்கிறார்கள். வைஃபையில் எடுக்கிற அந்த எண்ணை வைத்து மோடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சுவர், தூரம், பக்கத்து வீட்டு வைஃபை, கைபேசியின் வயது எல்லாம் சேர்ந்த எண் அது. மோடத்தைச் சோதிக்க வேண்டுமானால் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. ரௌட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மோடத்தில் செருக வேண்டும். லேப்டாப்பின் போர்ட் கிகாபிட்தானா (நொடிக்கு 1000 மெகாபிட் தாங்குவதா) என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன விஷயம், தெரியாவிட்டால் அரை மணி நேரம் வீணாகும்: பல மோடங்கள் தன்னிடம் முதலில் பேசிய கருவியை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு கருவியைச் செருகினால் கண்டுகொள்ளாது. மோடத்தின் மின்சாரத்தை ஒரு முறை நிறுத்திப் போட்டால்தான் புதியதை ஏற்கும்.

என் பையில் இருந்த கேபிளால் லேப்டாப்பைச் செருகி இரவு ஒன்பது மணிக்கு மூன்று முறை அளந்தேன்: 41, 63, 37. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து மீண்டும் மூன்று முறை: 146, 147, 146.

அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லையே, காலையில நல்லா வருதே!"

எனக்கு அந்த எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது அசையாமல் நின்றதுதான் முக்கியமாகப் பட்டது. வேகக் குறைவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தள்ளாடும்: ஒரு முறை 41, அடுத்து 63, பிறகு 37. சிக்னல் கோளாறோ தெருவே சேர்ந்து இழுக்கிற நெரிசலோ இருந்தால் இப்படித்தான் ஆடும். இன்னொன்று தட்டி நிற்கும்: எத்தனை முறை அளந்தாலும் அதே எண், ஒன்று கூட, ஒன்று குறைய. அங்கே ஏதோ ஒரு கருவியின் தலை கூரையில் இடிக்கிறது என்று பொருள். அக்கா வீட்டில் விடிகாலையில் தட்டி நின்றது, இரவில் தள்ளாடியது. ஆக, கோளாறு குறைந்தது இரண்டு.

மோடமே சொல்லும் கணக்கு

பெரும்பாலான கேபிள் மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியை பிரவுசரில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதைப் பூட்டி வைத்திருக்கும், இங்கே திறந்தது. பார்க்க அழகாக இருக்காது, வெறும் அட்டவணை. ஆனால் நோயாளியின் நாடியே அதில்தான் ஓடுகிறது.

முதல் அட்டவணையில் டவுன்லோட் சேனல்கள், அதாவது தரவு வருகிற அலைவரிசைகள். நான்கே நான்கு வரி. விடிகாலை 146-க்கான விடை அந்த நான்கில் இருந்தது.

கேபிள் இணையத்துக்கு டாக்ஸிஸ் என்று ஒரு தரநிலை உண்டு. முதல் பதிப்பு 1997-இல் வந்தது. 2006-இல் வந்த 3.0 பதிப்புதான் பல சேனல்களை ஒன்றாகக் கட்டி ஒரே குழாய்போலப் பயன்படுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலில், 256 க்வாம் என்கிற, சிக்னலில் தரவை ஏற்றும் வழக்கமான முறையில், கிட்டத்தட்ட 43 எம்பிபிஎஸ் ஓடும். பிழைதிருத்தத்துக்கும் மேல்கட்டுக்கும் (தரவோடு சேர்ந்து போகிற குறிப்புகளுக்கும்) போக, நம் கைக்கு வருவது 38 சொச்சம். ஐரோப்பிய முறையில் சேனல் 8 மெகாஹெர்ட்ஸ். அங்கே கைக்கு 50 வரை வரும். அக்கா வீட்டு இணைப்பில் 6. நான்கு சேனலைக் கட்டினால் 152. ஸ்பீட் டெஸ்டுக்குள் போகிற சில்லறைச் செலவையும் கழித்தால் 146-இல் நிற்பது நியாயமான கணக்கு.

இதே கணக்கை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். மோடத்தின் பெட்டியில் 4×4, 8×4, 16×4, 24×8, 32×8 என்று ஏதாவது போட்டிருக்கும். முதல் எண் டவுன்லோட் சேனல்கள். சேனல் 6 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதை 38-ஆல் பெருக்கினால் அந்த மோடத்தின் உச்சவரம்பு: 8 சேனலுக்கு 304, 16-க்கு 608, 24-க்கு 912. பிளான் 100 என்றால் 8 சேனல் மோடமே தாராளம். புதிது வாங்கி ஒரு எம்பிபிஎஸ் கூட ஏறாது. பிளானின் வேகம் மோடத்தில் தீர்மானமாவதில்லை. மோடம் உயிர்பெறும்போது நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு அமைப்புக் கோப்பை இறக்கிக்கொள்கிறது. உங்கள் வேக வரம்பு அந்தக் கோப்பில்தான் எழுதியிருக்கிறது. எவ்வளவு உயர்ந்த மோடமாக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டாது.

அக்கா வீட்டில் பிளான் 300, மோடத்தின் உச்சம் 152. பாதிப் பணம் பல மாதங்களாகக் காற்றில் போயிருக்கிறது. மோடத்தை மாற்றத்தான் வேண்டும் என்பது இந்த இடத்தில் உறுதியாகிவிட்டது.

ஆனால் அதே பக்கத்தில் வேறு சில எண்கள் முறைத்துக்கொண்டிருந்தன. நான்கு சேனல்களின் சிக்னல் அளவு −9.8, −10.4, −11.2, −13.1 டிபிஎம்வி (கேபிள் சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு). இது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஏழு கூட, ஏழு குறைய இருந்தால் கவலையில்லை. ±15 தரநிலையின் எல்லைக்கோடு. சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் முதல் சேனலில் 36, கடைசிச் சேனலில் 32. 33-க்குக் கீழே போனால் 256 க்வாம் தடுமாற ஆரம்பிக்கும். அலைவெண் ஏற ஏறக் கேபிளில் இழப்பு கூடும் என்பதால் கடைசிச் சேனலுக்கே அடி பலம்.

அப்லோட் பக்கம் இன்னும் மோசம்: 51 டிபிஎம்வி. டவுன்லோடில் எண் பெரிதாக இருந்தால் சிக்னல் நன்றாக வருகிறது என்று பொருள். அப்லோடில் எண் பெரிதாக இருந்தால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். வழியில் இழப்பு அதிகம், மறுமுனைக்குக் கேட்கவில்லை, "இன்னும் சத்தமாப் பேசு" என்று அங்கிருந்து உத்தரவு வருகிறது, இது கத்திக்கொண்டே இருக்கிறது. 35 முதல் 49 வரை சாதாரணம். 50-ஐத் தாண்டினால் சங்கடம்தான். நிகழ்வுப் பதிவில் டி3 டைம்அவுட் வரிசையாக விழுந்திருந்தது. மோடம் குரல் கொடுத்து, பதில் வராமல் போன ஒவ்வொரு முறையும் ஒரு வரி.

கடைசியாக, திருத்த முடியாத கோட்வேர்டுகளின் (சேதமான தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை. கேபிளில் வருகிற தரவோடு பிழைதிருத்தக் குறிப்பும் சேர்ந்தே வரும். சின்னச் சேதத்தை மோடமே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். முடியாததைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயந்து பயனில்லை. மோடம் எப்போது கடைசியாக ஆன் ஆனதோ அப்போதிலிருந்து சேர்ந்தது அது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முந்தைய இரவு எட்டு மணிக்கு நான்காவது சேனலில் 2,14,300 என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அது 2,39,800.

டிவி மேசைக்குப் பின்னால்

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். வெளியிலிருந்து வருகிற கேபிள் டிவி மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்பிளிட்டரில் ஏறியது. நான்கு வழி ஸ்பிளிட்டர். ஒரு காலத்தில் மூன்று டிவி, ஒரு மோடம். இப்போது டிவி எல்லாமே இணையத்தில் ஓடுகின்றன. ஸ்பிளிட்டரின் நான்கு வாய்களில் இரண்டு திறந்தே கிடந்தன. மூன்றாவதிலிருந்து ஒரு கேபிள் சுவருக்குள் போய் எங்கோ முடிந்தது. மோடத்துக்குப் போகிற நான்காவது வாயின் திருகு நட்டை விரலால் தொட்டேன், ஆடியது.

நான்கு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வழிக்கும் இழப்பு சுமார் 7 டெசிபல். கேட்க ஏழுதானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 7 போனால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மறுபக்கம் யாருமே இல்லாவிட்டாலும் ஸ்பிளிட்டர் பங்கு பிரித்துக்கொண்டுதான் இருக்கும். மூடாத வாயும் ஆடுகிற நட்டும் சும்மா இருப்பதில்லை. ஆன்டெனாபோல வெளி இரைச்சலையும் உள்ளே இழுத்துவிடும்.

ஸ்பிளிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே வரும் கேபிளையும் மோடத்துக்குப் போகும் கேபிளையும் ஒரே ஒரு இணைப்பானால் சேர்த்தேன். நட்டை விரலால் முடிந்தவரை திருகி, அப்புறம் ஸ்பானரால் லேசாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அதற்கு மேல் முறுக்கினால் மோடத்தின் போர்ட்டே பெயர்ந்துவிடும். டிவிக்கு இன்னும் கேபிள் தேவைப்படுகிற வீடாக இருந்தால் இரண்டு வழி ஸ்பிளிட்டரை முதலில் வைத்து, ஒரு வழியை நேராக மோடத்துக்கும், மற்றதை டிவிகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். இழப்பு மூன்றரை டெசிபலோடு நிற்கும். காலியான வாய்க்கு 75 ஓம் மூடி போட வேண்டும்.

மோடம் மறுபடி எழுந்ததும் பக்கத்தைத் திறந்தேன். −13.1 இருந்த இடத்தில் −6.1. விகிதம் 32-இலிருந்து 37. அப்லோட் 51-இலிருந்து 44-க்கு இறங்கியிருந்தது. அடுத்த இரண்டு நாளில் திருத்த முடியாத கோட்வேர்டுகள் ஏழு. ஏழாயிரம் அல்ல, ஏழு.

வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த மாற்றம் என்ன? இரவில் வீடியோ கால் உறைவது நின்றது. அப்லோட் வேகம், பிளானில் 20 என்று இருந்தும் 7, 8 என்று கிடந்தது, 19 ஆனது. இரவு ஒன்பது மணிக்கு மோடத்தில் நேராக அளந்தால் 78, 92, 85.

"அப்ப புது மோடம் வேண்டாமா?" என்றார் அத்தான்.

"வேணும் அத்தான். காலையில இன்னும் 147-லதான் தட்டி நிக்குது. ஆனா நீங்க சொன்ன புகார்ல பாதி இந்த ஸ்பிளிட்டரோட போயிடுச்சு."

இந்த வரிசையை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் மோடத்தை வாங்கியிருந்தால், அதுவும் இந்த ஸ்பிளிட்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். கெட்ட சிக்னலோடு 32 சேனலைக் கட்டினாலும் அத்தனையும் தடுமாறத்தான் செய்யும். "புதுசு வாங்கியும் அப்படியேதான் இருக்கு" என்று நிறையப் பேர் அலுத்துக்கொள்வது இப்படித்தான்.

எதை வாங்குவது

சிக்னல் சுத்தமான பிறகும் இரவில் 147-க்குப் பதில் 85 ஏன்? நெரிசல். கேபிள் இணையம் தெருவுக்கே பொதுவான குழாய். ஆனால் அந்த நெரிசலிலும் பழைய மோடத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது; பலரும் கவனிக்காத விஷயம் அது. நிறுவனம் அந்தப் பகுதிக்கு 32 சேனல் விட்டிருக்கலாம். நான்கு சேனல் மோடத்துக்கு அதில் நான்குதான் கண்ணுக்குத் தெரியும். அந்த நான்கும் நிரம்பி வழிந்தால், பக்கத்துச் சேனல் காலியாக இருந்தாலும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. ஏரிக்கு முப்பத்திரண்டு மடை இருந்தும் நம் வயலுக்கு நான்கில்தான் பாத்தியதை என்பதுபோல. சேனல் அதிகமுள்ள மோடத்துக்கு எங்கே இடம் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே, பிளானின் வேகத்துக்குச் சரியாக இருக்கிற மோடத்தைவிட, கணக்குப்படி இரண்டு மடங்கு தாங்குகிற மோடம் மாலை நேரத்தில் கைகொடுக்கும்.

300 பிளானுக்கு 16 சேனல், 24 சேனல் உள்ள 3.0 மோடமே போதும். நான் 3.1-ஐச் சொன்னேன். 2013-இல் வெளிவந்த 3.1 பதிப்பு, 6 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளை மட்டும் நம்பாமல் 192 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான ஓஎஃப்டிஎம் என்ற புது வகைச் சேனல்களையும் பயன்படுத்தும். 3.0 மோடங்கள் அந்தச் சேனலுக்குள் நுழையவே முடியாது. ஆகவே நிறுவனம் அதைத் திறந்துவைத்திருந்தால் அங்கே கூட்டம் குறைவு. 3.1 மோடங்களில் பழைய 32 சேனலும் இரண்டு ஓஎஃப்டிஎம் சேனலும் இருந்தே ஆக வேண்டும் என்பது தரநிலை. 4.0 என்று அடுத்த பதிப்பும் உண்டு. நிறுவனம் தன் பக்கம் மாற்றாத வரை அதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

இதைவிட என்னை 3.1 பக்கம் தள்ளியது அத்தானின் கோப்பு விவகாரம். ஸ்பிளிட்டரைக் கழற்றிய பிறகும் அது தீரவில்லை. சும்மா இருக்கும்போது பிங் (அனுப்பியதற்குப் பதில் திரும்பிவர ஆகும் நேரம்) 19 மில்லிநொடி. அத்தான் ஒரு பெரிய கோப்பை ஏற்ற ஆரம்பித்ததும் 400, 550, 700. வேகம் குறைந்ததால் வந்தது அல்ல இது, வரிசை நீண்டதால் வந்தது. அப்லோடில் போக வேண்டியதை எல்லாம் மோடம் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறது. கோப்பின் தரவுப் பொட்டலங்கள் ஆயிரம் முன்னால் நிற்க, வீடியோ காலின் ஒரு சின்னப் பொட்டலம் பின்னால் போய் நிற்க வேண்டும். பஃபர்ப்ளோட் என்பார்கள் இதை. 3.1 மோடங்களில் வரிசை நீள்வதற்கு முன்பே சில பொட்டலங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அனுப்புகிற கருவியை வேகம் குறைக்க வைக்கும் ஏற்பாடு கட்டாயம். டாக்ஸிஸ்-பை என்று பெயர். 2017-இல், ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 8034-ஆவது ஆவணமாகவும் வந்தது. பழைய மோடங்களில் இது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

வாங்குமுன் பார்த்த மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனம் ஏற்கிற மோடங்களின் பட்டியலில் அந்த மாடல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பெட்டியும் இணைப்பில் சேராது. மோடத்தின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, நிறுவனம்தான் அனுப்பும், நாமாக மேம்படுத்த முடியாது. பட்டியல் முக்கியம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். தொலைபேசி இணைப்பும் மோடம் வழியாக வருகிற வீடென்றால் போன் போர்ட் உள்ள மாடல் வேண்டும். பழைய மாடல் எதையாவது கைமாற்றாக வாங்குவதாக இருந்தால் உள்ளே இன்டெல் ப்யூமா 6 சிப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதில் பிங் திடீர் திடீரென எகிறும் கோளாறு 2016 இறுதியில் பெரிய பேச்சானது. பிறகு ஃபர்ம்வேர் திருத்தங்கள் வந்தன. மோடம் நிறுவனத்துடையது, மாத வாடகை கட்டுகிறீர்கள் என்றால், வாங்க வேண்டியதே இல்லை. மேலே போட்ட கணக்கைச் சொல்லி மாற்றித் தரும்படி கேளுங்கள்.

மாட்டிய நாள்

பத்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. புது மோடத்தை நிறுவனம் அடையாளம் காண அதன் மேக் முகவரியை (ஸ்டிக்கரில் அச்சிட்ட அடையாள எண்ணை) பதிய வேண்டும். அக்கா போனில் வாசிக்க, மறுமுனையில் எழுதிக்கொண்டார்கள். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஒழுங்காக எரிந்தன. டவுன்லோட் சேனலைத் தேடிப் பிடித்தது, அப்லோடில் குரல் சரிபார்த்தது, ஆன்லைன் விளக்கும் நின்று எரிந்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "உங்கள் கருவியைப் பதிவு செய்யுங்கள்" என்ற ஒரே பக்கம்தான் வந்தது.

இரண்டாவது அழைப்பிலும் அதே கதை. மூன்றாவது முறை நான் மோடத்தைக் கவிழ்த்து, கைபேசியில் ஸ்டிக்கரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் எட்டு என்று அக்கா வாசித்தது ஆங்கில 'பி' எழுத்து. எறும்பு அளவு எழுத்தில் எட்டும் 'பி'யும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. எழுத்தைத் திருத்திச் சொன்னதும் மோடம் தானாகவே ஒரு முறை மறுதொடக்கம் ஆகி எழுந்தது. பக்கத்தைத் திறந்தால் 32 சேனலும் பூட்டியிருந்தன, கூடவே ஒரு ஓஎஃப்டிஎம்.

ரௌட்டரை மாட்டி, ரௌட்டரில் லேப்டாப்பைச் செருகி, குடும்பமே சுற்றி நிற்க அளந்தேன்.

94.

மறுபடி: 94. மறுபடி: 94.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. பையன்தான், "மாமா, முன்னாடியே 147 வந்துச்சே?" என்றான்.

நல்ல காலம், எண் தட்டி நின்றது. 94 என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிய எண்: 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் மேல்கட்டு போகக் கிடைக்கும் உச்சம். கிகாபிட்டில் அது 940 வாக்கில் இருக்கும். மோடம் கிகாபிட், ரௌட்டர் கிகாபிட், லேப்டாப்பும் கிகாபிட். அப்படியானால் இடையில் எங்கோ ஒரு இணைப்பு நூறுக்கு இறங்கியிருக்கிறது. ரௌட்டரைத் தாண்டி லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகினேன், என் கேபிளில்: 331. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் மோடத்தை நோக்கிய போர்ட்டின் வேகம் 100 என்றிருந்தது.

மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவே முழ நீளத்தில் ஒரு மஞ்சள் கேபிள், எப்போதோ எந்தப் பெட்டியோடோ வந்தது. முனையை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தலைக்குள் எட்டுக் காடிகள். நான்கில்தான் கம்பி இருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. மற்ற நான்கும் காலி. நூறு எம்பிபிஎஸ் ஓட அந்த இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக யாரோ பாதிக் கம்பியோடு செய்த கேபிள். அது இருந்தவரை அந்த வீட்டில் யாருமே 94-க்கு மேல் பார்த்திருக்க முடியாது. நான் விடிகாலையில் எடுத்த 146 கூட மோடத்தில் நேராகச் செருகியதால் எனக்குத் தெரிந்ததுதானே தவிர, அவர்களுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

எட்டுக் கம்பியுள்ள கேட் 5ஈ கேபிளை மாட்டியதும் ரௌட்டர் வழியாகவே 328. பிளானைவிடச் சற்றுக் கூடுதலாக நிறுவனம் விட்டிருக்கிறது.

அடுத்த ஏழு நாளும் இரவு ஒன்பது மணிக்கு அளந்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பையன் ஒரு நாள்கூடத் தவறாமல் அனுப்பினான்: 290, 305, 262, 311, 298, 240, 301. 240 வந்த நாள் விடுமுறைக்கு முந்தின இரவு. அத்தான் கோப்பு ஏற்றும்போது பிங் 35-க்கும் 50-க்கும் நடுவில் நின்றது. வேகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நான் வேலை பண்ணும்போது இப்பல்லாம் யாரும் கத்துறதில்ல" என்றார்.

பின்னறை

மூன்றாவது புகாருக்கும் மோடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பையனின் கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் இரண்டு சுவருக்கு அப்பால், அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் மோதுகிற அதே பட்டையில். முன்பு 11 வந்தது, மோடம் மாற்றிய பிறகு 14. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் கூடத்தில் 210, பின்னறையில் 60. சுவரைத் துளைப்பதில் அது நோஞ்சான். ரௌட்டரை டிவி மேசைக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்ததில் 60 என்பது 85 ஆனது. அவன் படிக்கிற மேசைக்குச் சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எட்டுக் கம்பி இருக்கிறதா என்று அவனே எண்ணிப் பார்த்து வாங்கிவைத்திருக்கிறான்.

பழைய மஞ்சள் கேபிளை அக்கா சுருட்டி இழுப்பறையில் வைக்கப் போனாள், "எதுக்காவது உதவும்" என்று. அவள் கையிலிருந்து வாங்கி, கத்தரிக்கோலால் நடுவில் வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.